ரெனோவேட்: திறந்துவிடும் முன் பாக்கியை எண்ணிப் பாருங்கள்

பாங்சார் சவுத், சைபர்ஜெயா, பினாங்கில் பாயான் லெப்பாஸ் என்று எங்கே போனாலும் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ரெப்போ (நிரல் களஞ்சியம்) ஒன்றாவது இருக்கும். ஜாவாவில் பேக்எண்ட், நோடில் ஃப்ரண்ட்எண்ட், யாரோ எழுதிவிட்டு வேலை மாறிப்போன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒரு மூலையில். தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, வெளியே இருந்து எடுத்துச் சேர்த்த நிரல் தொகுப்புகளைப் பற்றி: ‘எத்தனை பேக்கேஜ் பழசாகக் கிடக்கிறது?’ வங்கித் துறைக்கு பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக்கான ஆர்எம்ஐடி ஆவணம் 2020 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது; சட்டம் 854 என்கிற இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. கேள்வி வந்த வாரமே டீமில் ஒருவர் ரெனோவேட்டை நிறுவிவிடுவார்: பழைய பேக்கேஜ்களைக் கண்டுபிடித்து, புது வெர்ஷனுக்கு ஏற்றும் மாற்றக் கோரிக்கைகளை (புல் ரிக்வெஸ்ட், சுருக்கமாக பிஆர்) தானே அனுப்பும் இலவசக் கருவி அது. அடுத்த வாரம் பிஆர் பட்டியலைத் திறக்கவே எல்லோரும் பயப்படுவார்கள். மூன்றாம் வாரம் யாராவது அதை அணைத்துவிடுவார்கள்.

குறை கருவியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ரெனோவேட்டின் உண்மையான பலம் பிஆர் திறப்பதைவிட, திறக்காமலே எவ்வளவு அப்டேட் பாக்கி தேங்கியிருக்கிறது என்று காட்டுவதில்தான். இந்த மதிப்புரை அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கிறது. அதற்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிட நல்லது கண்ணில் படவில்லை. ஆனால் அது கொடுக்கும் மொத்த எண்ணை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினால் ஏமாந்து போவீர்கள்.

அளப்பது எப்படி

இரண்டு வழி உண்டு. பெரிய ரெப்போவுக்கு முதல் வழியே சரி: ரெனோவேட்டை கிட்ஹப்போடோ கிட்லேப்போடோ இணைக்காமல் சொந்தக் கணினியில் ஓட்டுவது. மெயின் கிளையைப் புதிதாக க்ளோன் செய்யுங்கள். தினமும் வேலை பார்க்கிற ஃபோல்டர் வேண்டாம், அதில் பாதி முடிந்த மாற்றங்கள் கிடக்கும். அந்த ஃபோல்டருக்குள் நின்று ‘என்பிஎக்ஸ் ரெனோவேட்’ கட்டளையை, பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில் ‘லோக்கல்’ என்றும் டிரை ரன் என்ற இடத்தில் ‘லுக்அப்’ என்றும் கொடுத்து ஓட்டினால் போதும். நோட் வெர்ஷன் தகராறு செய்தால் ரெனோவேட்டின் டாக்கர் இமேஜை எடுத்துக்கொள்ளலாம்.

‘லுக்அப்’ இரண்டே வேலை செய்யும்: பேக்கேஜ் பட்டியல்களைத் தேடிப் படிக்கும், ஒவ்வொன்றுக்கும் புது வெர்ஷன் உண்டா என்று, பேக்கேஜ்கள் வெளியாகும் ரெஜிஸ்ட்ரியில் கேட்கும். கிளை உருவாக்காது, நிறுவிய வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லாக்ஃபைலைத் தொடாது, என்பிஎம் இன்ஸ்டாலும் ஓடாது. அதனால் பாதுகாப்பானது, வேகமானது. இதே காரணத்தால் வரும் பெரிய குறை ஒன்றும் உண்டு, அது கீழே.

ஓட்டும் முன் இரண்டு விஷயம். ஒன்று, கிட்ஹப் டோக்கன். உங்கள் ரெப்போ சொந்த சர்வரில் உள்ள கிட்லேப்பில் இருந்தாலும் இது வேண்டும். பல பேக்கேஜ்களின் டேக் பட்டியல் கிட்ஹப்பில்தான் இருக்கிறது. டோக்கன் இல்லாமல் கிட்ஹப் ஏபிஐ மணிக்கு 60 கேள்விக்குத்தான் பதில் சொல்லும். டோக்கன் இருந்தால் 5,000. பெரிய ரெப்போவில் 60 என்பது கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். எந்த அனுமதியும் டிக் செய்யாத வெறும் டோக்கனே போதும்.

இரண்டு, ஓட்டத்தின் பதிவான லாகை ‘டீபக்’ மட்டத்தில், ஜேசன் வடிவில், ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். திரையில் ஓடுவதைப் பார்த்து எதுவும் எண்ண முடியாது. அந்த லாகில் ‘பேக்கேஜ் ஃபைல்ஸ் வித் அப்டேட்ஸ்’ என்று ஒரு நீண்ட வரி வரும். முழு அளவீடும் அந்த ஒரு வரியில் இருக்கிறது: பேக்கேஜ் பெயர், இப்போதைய வெர்ஷன், புது வெர்ஷன், அப்டேட் வகை (பேட்ச் சிறு திருத்தம், மைனர் புது வசதி, மேஜர் பழையதை உடைக்கக்கூடிய பெரிய மாற்றம்), புது வெர்ஷன் வெளியான தேதி, ரெனோவேட் வைக்கப்போகும் கிளைப் பெயர். அதை, ஜேசனைப் பிரிக்கும் கருவியான ஜேக்யூ வைத்துப் பிரித்து ஒரு எக்ஸெல் தாளில் போட்டுவிடலாம்.

எண்ணும்போது கிளைப் பெயரை வைத்து எண்ணுங்கள். பல திட்டங்கள் ஒன்றாக இருக்கும் மோனோரெப்போவில் 40 பேக்கேஜ்.ஜேசன் இருந்து எல்லாவற்றிலும் லோடாஷ் என்ற பேக்கேஜ் இருந்தால் லாகில் அது 40 தடவை வரும்; வரப்போகும் பிஆர் ஒன்றுதான். பேக்கேஜ் பெயரை வைத்து எண்ணினால் பாக்கி பல மடங்கு பெரிதாகத் தெரிந்து, கூட்டத்தில் தேவையில்லாத பீதி கிளம்பும்.

இரண்டாவது வழி, ரெப்போவை இணைத்து, ரெனோவேட் முதலில் அனுப்பும் ‘கான்ஃபிகர் ரெனோவேட்’ பிஆரை மெர்ஜ் செய்யாமல் வைத்துக்கொண்டு படிப்பது. அந்த பிஆரின் உடலில், இப்போதைய அமைப்புப்படி எத்தனை பிஆர் வரும், ஒவ்வொன்றும் எந்தக் கிளையில் எந்தப் பேக்கேஜை எந்த வெர்ஷனுக்கு ஏற்றும் என்று பட்டியலே இருக்கும். இதில் நமக்குப் பிடித்தது: அதே கிளையில் ரெனோவேட்.ஜேசனைத் திருத்தினால், அடுத்த ஓட்டத்தில் பட்டியலும் மாறிவிடும். ‘பேட்ச் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டினால் எத்தனை மிச்சம்?’ என்ற கேள்விக்கு மெர்ஜ் செய்யாமலே விடை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அந்த பிஆரை மூடிவிட்டால், ரெப்போவுக்குத் தான் வேண்டாம் என்று ரெனோவேட் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். திறந்தே வையுங்கள்.

எண் எங்கே பொய் சொல்லும்

நம் ஊர் மளிகைக் கடைகளின் 555 கணக்குப் புத்தகத்தில் ஒரு பாக்கெட் ரொட்டிக்கும் ஒரு வரிதான், கல்யாணத்துக்கு எடுத்த அரிசி மூட்டைகளுக்கும் ஒரு வரிதான். ரெனோவேட்டின் பட்டியலும் அப்படியே. ‘@டைப்ஸ்’ என்று தொடங்கும் பேக்கேஜ்களின் பேட்ச் அப்டேட் இருபது வரி இருந்தாலும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ‘ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் பேரன்ட், 2.7 இலிருந்து 3’ என்பதும் ஒற்றை வரிதான். அதற்குள் ஜாவா 17 கட்டாயம், ஜாவாக்ஸ் இம்போர்ட் எல்லாம் ஜகார்த்தாவாக மாற வேண்டும், அந்த பேரன்ட் வழியாக வெர்ஷன் பெறும் பல ஜார்களும் (ஜாவா பேக்கேஜ் ஃபைல்கள்) கூடவே ஏறும். அந்த ஜார்களுக்கு, மேவனின் பேக்கேஜ் பட்டியலான பிஓஎம் ஃபைலில் வெர்ஷன் எழுதப்படாததால் அவை பட்டியலில் தனியாக வரவே வராது. 2.7க்கான இலவச ஆதரவு 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பட்டியலில் அந்த அவசரத்துக்கான அடையாளம் எதுவும் இருக்காது.

மேஜர் அப்டேட் பல படி பின்தங்கியிருந்தாலும் ஒரு வரிதான். வழக்கமான அமைப்பில் ரெனோவேட் கடைசி மேஜரை மட்டும் முன்வைக்கும். ஆங்குலர் போன்றவற்றில் ஒவ்வொரு மேஜராகத்தான் ஏற வேண்டும். நான்கு மேஜர் பின்னால் இருந்தால் அது நான்கு வேலை. ‘செபரேட் மல்டிபிள் மேஜர்’ அமைப்பை ஆன் செய்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான், அந்த ரெப்போவை எத்தனை காலம் கவனிக்காமல் விட்டார்கள் என்று காட்டுவது. நம் கணிப்பில் மொத்த எண்ணைவிடப் பயனுள்ள எண் அது.

அடுத்தது, செத்துப்போன பேக்கேஜ்கள். என்பிஎம்மின் ‘ரிக்வெஸ்ட்’ 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆங்குலர்ஜேஎஸ் ஆதரவு 2022 ஜனவரியோடு நின்றது. கடைசி வெர்ஷனில் இருந்தால் இவற்றுக்குப் புது வெர்ஷனே கிடையாது. ஆகவே பாக்கி பூஜ்யம். அடிக்கடி வெளியாகும் ஆரோக்கியமான பேக்கேஜ்கள் பட்டியலை நிரப்ப, வருடக்கணக்கில் யாரும் தொடாதவை சுத்தமாகக் காட்சி தரும். கைவிடப்பட்டதாக ரெஜிஸ்ட்ரியில் குறிக்கப்பட்டவற்றை டேஷ்போர்டு (எல்லா அப்டேட்டையும் பட்டியலிட்டு ரெனோவேட் ரெப்போவில் திறக்கும் இஷ்யூ) தனியாகக் காட்டும். குறிக்காமல் சும்மா நின்றுபோனவற்றை, வழக்கமான அமைப்பில் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். கடைசி வெளியீட்டுத் தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் அவை மேலே வந்துவிடும்.

இதைவிட மோசமானது, பார்க்க முடியாமல் போன பேக்கேஜ் ‘பாக்கி இல்லை’ போலத் தெரிவது. அலுவலகத்தின் தனி ரெஜிஸ்ட்ரியான நெக்ஸஸிலோ ஆர்டிஃபேக்டரியிலோ இருக்கும் உள் பேக்கேஜ்களுக்கு ‘ஹோஸ்ட் ரூல்ஸ்’ கொடுக்காமல் ஓட்டினால், ரெஜிஸ்ட்ரி உள்ளே விடாது; லாகில் ‘ஃபெயில்ட் டு லுக் அப்’ என்று ஒரு எச்சரிக்கை மட்டும் விழும், எண்ணிக்கையில் எதுவும் கூடாது. அதேபோல ‘ஸ்கிப் ரீசன்’ என்று குறிக்கப்பட்டவை: வெர்ஷன் எழுதாதவை, லோக்கல் ஃபோல்டரைச் சுட்டுபவை, புரியாத வெர்ஷன் வடிவம். அப்டேட்டை எண்ணும் முன் இந்த இரண்டையும் எண்ணுங்கள். பத்தில் ஒன்று இப்படி விடுபட்டிருந்தால்கூட அந்த அளவீடு யாரிடமும் காட்டும் நிலையில் இல்லை.

ஃபோல்டர் பெயரும் கவிழ்க்கும். பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் ‘கான்ஃபிக் ரெகமண்டட்’ அமைப்பு, நோட் மாட்யூல்ஸ் தவிர ‘வெண்டர்’, ‘எக்ஸாம்பிள்ஸ்’, ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டர்களையும் ஒதுக்கிவிடும். பொதுவாக நல்ல முடிவுதான். ஆனால் டெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் முழு எண்ட் டு எண்ட் சோதனைத் திட்டம், அதற்கென்று தனி பேக்கேஜ்.ஜேசனோடு இருந்தால், அது கணக்கிலேயே வராது. லிப் ஃபோல்டரில் கையால் போட்டு கமிட் செய்த ஜார், ஷெல் ஸ்கிரிப்டுக்குள் எழுதிய வெர்ஷன், ‘லேட்டஸ்ட்’ என்று மட்டும் போட்ட டாக்கர் இமேஜ் இவற்றுக்கும் அதே கதி. ஷெல் ஸ்கிரிப்டுக்கு ‘கஸ்டம் மேனேஜர்ஸ்’ என்று ரெகெக்ஸ் எழுதலாம். தொழிற்சாலை மென்பொருளில் இது அதிகம் என்பதால் பாயான் லெப்பாஸ்காரர்கள் இதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. கையால் போட்ட ஜாருக்கு மருந்து இல்லை. மேவனுக்குள் கொண்டுவந்தால்தான் விடிவு.

இனி மேலே சொன்ன குறை. லுக்அப் எதையும் நிறுவிப் பார்ப்பதில்லை. எனவே அது எண்ணுவது ‘கிடைக்கிறது’ என்பதை. ‘நிறுவ முடியும்’ என்பதை இல்லை. 2024 ஏப்ரலில் வந்த இஎஸ்லிண்ட் 9 புது வகை கான்ஃபிகை வழக்கமாக்கியது. பழைய பிளக்இன்கள் ‘8 வரைதான்’ என்று பியர் டிபென்டன்சியில் (கூட இருக்க வேண்டிய பேக்கேஜுக்கான வெர்ஷன் வரம்பு) கட்டுப்படுத்தியிருந்தால் நிறுவும்போதே என்பிஎம் முரண்டு பிடிக்கும். சாக் 5, நோட் ஃபெட்ச் 3 இரண்டும் இஎஸ் மாட்யூல் மட்டுமே. ‘ரிக்வயர்’ வைத்து எழுதிய பழைய நிரலில் நேராக ஏற்றுவது வம்பு. மேஜர் வரிகளில் முதல் பத்தைக் கையால் ஒரு தனிக் கிளையில் ஏற்றி, நிறுவுகிறதா, பில்டாகிறதா, டெஸ்ட் தேறுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் மதிப்பீடு எழுத வேண்டும்.

கடைசியாக, மறைமுக டிபென்டன்சி. ரெனோவேட் எண்ணுவது நீங்கள் நேரடியாக எழுதியவற்றை. அவை இழுத்துவரும் பேக்கேஜ்கள் லாக்ஃபைலில் எத்தனை பழசாக இருந்தாலும் தனித்தனி வரியாக வராது. 2021 டிசம்பரில் லாக்4ஜே பேக்கேஜின் லாக்4ஷெல் பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது, லாக்4ஜே என்ற பெயரைத் தங்கள் பிஓஎம்மில் எழுதாதவர்களும் மாட்டிக்கொண்டது இதனால்தான். ‘லாக்ஃபைல் மெயின்டனன்ஸ்’ அவற்றைப் புதுப்பிக்கும், எண்ணாது. பாதுகாப்பு ஓட்டை உள்ளவற்றை எண்ண, கிட்ஹப்பின் சொந்த அப்டேட் கருவியான டிபென்டபாட்டின் அலர்ட் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அமைப்பை இடையில் மாற்றினால் முழு எண்ணும் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. ரேஞ்ச் ஸ்ட்ராட்டஜி (எழுதிய வெர்ஷன் வரம்பை மாற்றும் விதம்) ‘ரிப்ளேஸ்’ என்றால், எழுதிய ரேஞ்சைத் தாண்டிய அப்டேட் மட்டும் வரும். ‘பம்ப்’ என்றால் ரேஞ்சுக்குள் அடங்குவதும் வரும். போன மாதம் ஒன்றில் அளந்து, இந்த மாதம் மற்றொன்றில் அளந்து, ‘பாக்கி கூடிவிட்டது’ என்று சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை.

சிஐ தாங்குமா

வழக்கமான அமைப்பில் மணிக்கு 2 பிஆர், ஒரே சமயத்தில் திறந்திருப்பது 10. கேட்க அடக்கமாகத் தெரியும். மெயினோடு ஒத்திருந்தால்தான் மெர்ஜ் என்ற விதி உங்கள் ரெப்போவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மெர்ஜ் செய்தால் மற்ற 9 பிஆரும் ரீபேஸ் ஆகி (புது மெயின் மேல் மறுபடி வைக்கப்பட்டு) சிஐ, அதாவது தானாக நடக்கும் பில்டும் டெஸ்டும், மறுபடி ஓடும். அடுத்ததற்கு 8, அப்புறம் 7. கூட்டினால் 45, முதல் ஓட்டம் பத்தோடு 55. ஓர் ஓட்டம் 20 நிமிடம் என்றால் 1,100 நிமிடம். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போவுக்கு மாதம் 2,000 நிமிடம்தான். கிட்லேப் டாட் காம் இலவசக் கணக்கில் 400. பத்தே பத்து அப்டேட்டுக்கு இது, காலியான இடத்தில் புது பிஆர் வந்து நிற்பதைச் சேர்க்காமலே. விதி இல்லாத ரெப்போவிலும் லாக்ஃபைல் மோதிக்கொள்வதால் கணிசமானவை ரீபேஸ் ஆகத்தான் செய்யும்.

அதனால் தொடக்கத்தில் ‘டிபென்டன்சி டேஷ்போர்டு அப்ரூவல்’ ஆன், ஒரே சமயத்தில் 3 பிஆர். எல்லாம் டேஷ்போர்டில் வரிசையாக நிற்கும். யாராவது டிக் செய்தால்தான் பிஆர் திறக்கும். அங்கிருந்து, டெவ் டிபென்டன்சிகளின் பேட்ச், மைனர் இரண்டையும் ஒரு கட்டாக்கி முதலில் விடுவிக்கலாம். ‘மேஜர் தவிர எல்லாம் ஒரே பிஆர்’ என்ற தயார்நிலை அமைப்பு ஒன்றும் இருக்கிறது. டெஸ்ட் மெலிந்த ரெப்போவில் அதைத் தொடாதீர்கள். நூறு பேக்கேஜில் ஒன்று உடைந்தாலும் முழுக் கட்டும் தேங்கும், எது உடைத்தது என்று தேடவே ஒரு நாள் போகும்.

‘மினிமம் ரிலீஸ் ஏஜ்’ (வெளியான பின் காத்திருக்கும் காலம்) என்பதை 3 நாளாவது வைக்காமல் எதையும் தானாக மெர்ஜ் செய்யவிடக்கூடாது. 2025 செப்டம்பரில் என்பிஎம்மில் சாக், டீபக் போன்ற பேக்கேஜ்களின் விஷமேற்றிய வெர்ஷன்கள் வெளியாகி, சில மணி நேரத்தில் நீக்கப்பட்டன. காத்திருந்தவர்களை அது தொடவில்லை. சில உள் மிரர்கள் வெளியான தேதியைக் கொடுப்பதில்லை என்பதையும் கவனிக்கவும். தேதி இல்லாவிட்டால் இந்தக் காத்திருப்பைக் கணக்கிட முடியாது.

பாக்கி தீருமா என்பதற்கு மொத்த எண் போதாது, வரத்தும் தெரிய வேண்டும். பிஆரைத் திறந்துவிடுவதற்கு முந்தைய நான்கு திங்கட்கிழமைகளில் அதே கட்டளையை அதே அமைப்பில் ஓட்டி ஃபைலைச் சேமித்தால், வாரத்துக்கு எத்தனை புதுக் கிளைகள் சேர்கின்றன என்று தெரிந்துவிடும். வாரம் 12 வந்து, டீம் வாரம் 8 மெர்ஜ் செய்தால் ரெனோவேட் என்ன செய்தும் பயனில்லை; கட்டுகளைப் பெரிதாக்கவோ, பயன்படுத்தாத பேக்கேஜ்களைக் கழற்றவோ வேண்டும். கழற்றுவதுதான் மலிவு.

நம் ஊர் நேரம்

ரெனோவேட்டின் கடிகாரம் யுடிசி. ‘திங்கள் அதிகாலை 4க்கு முன்’ என்று இணையத்தில் கிடைக்கும் உதாரணத்தை அப்படியே ஒட்டினால், அது மலேசியாவில் திங்கள் காலை 8 முதல் மதியம் 12 வரை: எல்லோரும் சிஐ ரன்னருக்கு வரிசையில் நிற்கும் நேரம். டைம்சோனில் ‘ஏசியா/கோலாலம்பூர்’ போட்டுவிடுங்கள். பண்டிகைக் காலண்டர் அதற்குத் தெரியாது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, 11.11 விற்பனை என்று கோட் ஃப்ரீஸ் அறிவித்தால் ஓட்டத்தைக் கையால்தான் நிறுத்த வேண்டும். ஷெட்யூலை மட்டும் மாற்றி வைத்தால் போதாது. பாதுகாப்பு அப்டேட்டுகள் வழக்கமாக ஷெட்யூலைப் பொருட்படுத்தாமல் வரும், அப்ரூவலுக்கும் காத்திருக்காது. வரட்டும் என்பதே எங்கள் கருத்து, ஆனால் ஃப்ரீஸ் நேரத்தில் டூட்டியில் இருப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

டிபென்டபாட்டோடு ஒப்பிட்டால்

டிபென்டபாட் கிட்ஹப்பிலேயே இருக்கும், சிறு ரெப்போவுக்குத் தாராளமாகப் போதும், 2023 முதல் கட்டாகவும் கட்டும். ஆனால் திறப்பதற்கு முன் மொத்தத்தைக் காட்டும் வழி இல்லை. வழக்கமாக 5 பிஆர் திறந்து நின்றுவிடும், பின்னால் 50 இருக்கிறதா 500 இருக்கிறதா என்று சொல்லாது. என்பிஎம் அவுட்டேட்டட், மேவனின் வெர்ஷன்ஸ் பிளக்இன் போன்றவை ஒரு மொழிக்குச் சரி. நான்கு மொழி கலந்த ரெப்போவில் நான்கு வடிவப் பட்டியலைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரெனோவேட்டிலும் எரிச்சல்கள் உண்டு. டீபக் லாக் பிரம்மாண்டமானது, ஜேக்யூ தெரியாதவருக்கு அது காடு. டேஷ்போர்டு என்பது ஒரு இஷ்யூ என்பதால் நீளத்துக்கு வரம்பு உண்டு. பெரிய ரெப்போவில் கடைசிப் பகுதி வெட்டுப்படும், அதைப் பார்த்து எண்ணாதீர்கள். அஷூர் டெவ்ஆப்ஸில் டேஷ்போர்டே கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு லாக் வழி மட்டும்தான். லோக்கல் ஓட்டத்தில் அலுவலகப் பொது அமைப்பை ‘லோக்கல்’ ப்ரீசெட்டாக இழுக்க முடியாது, அந்த விதிகளை நகல் எடுத்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். உரிமம் ஏஜிபிஎல் 3. சட்டப் பிரிவு புருவம் உயர்த்தினால், மாற்றாமல் உள்ளுக்குள் ஓட்டுவதால் உங்கள் நிரல் அந்த உரிமத்துக்குள் வராது என்று சொல்லலாம். மாற்றியமைத்து வெளியாருக்குச் சேவையாகக் கொடுத்தாலோ, நகலை விநியோகித்தாலோதான் பேச்சு.

சொந்த சர்வரில் நிரந்தரமாக ஓட்டுவதானால் டோக்கனை சர்வீஸ் கணக்கின் பெயரில் எடுங்கள். பொறியாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் எடுத்தால், அவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப்போகும் நாளில் ஓட்டம் நிற்கும். டேஷ்போர்டோ பழைய எண்ணோடு அப்படியே திறந்து கிடக்கும், பார்ப்பவர்கள் பாக்கி கூடவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஓட்டம் தோற்றால் டீம் சேனலுக்குச் செய்தி போகும்படி அந்த சிஐ ஜாபிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.